பறந்திருக்குதுங்களா?

முதல் தோசையைத் தொடாதவர்கள் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஓட்டலில் உட்கார்ந்ததும் இவர்கள் விலைப்பட்டியலைப் பார்க்க மாட்டார்கள். பக்கத்து மேசைக்காரரின் தட்டைப் பார்ப்பார்கள், அவர் மெல்லும் வேகத்தைப் பார்ப்பார்கள், முகம் சுளிக்கிறாரா, தண்ணீர் கேட்கிறாரா, மிச்சம் வைக்கிறாரா என்று பார்ப்பார்கள், கடைசியில் சர்வரைக் கூப்பிட்டு, "அவருக்குக் கொடுத்ததையே கொடுங்க" என்பார்கள். கல்யாணப் பந்தியில் பாயசம் வந்தால் பக்கத்து இலைக்காரரின் தொண்டை ஏறி இறங்கும்வரை இவர்கள் கை அசையாது. புது டாக்டரிடம் போக மாட்டார்கள். புதிதாகக் கட்டிய கோயிலில்கூட, அந்தச் சாமி இதுவரை யாருக்காவது எதையாவது நடத்திக் கொடுத்திருக்கிறதா என்று விசாரிக்காமல் தேங்காய் உடைக்க மாட்டார்கள். யாராவது ஒருவர் முன்னால் போயிருக்க வேண்டும். அவர் பத்திரமாகத் திரும்பி வந்தால் நல்லது. வராவிட்டாலும், போனார் என்பதே இவர்களுக்கு ஓர் ஆறுதல்.

இந்த இனம் எல்லா ஊரிலும் மேயும். ஆனால் அதன் கொழுத்த உதாரணத்தைப் பார்க்க வேண்டுமானால் நீங்கள் கேரள எல்லையில் வாளையார் தாண்டி, கஞ்சிக்கோடு தொழிற்பேட்டைக்குள் நுழைந்து, இரும்புப் பட்டறைகளின் புகைக்கு நடுவே கொஞ்சம் வெளுப்பாக நிற்கும் ஒரு கட்டடத்தின் மாடி ஏற வேண்டும். அங்கே பூபதிராஜா இருக்கிறார். எலப்புள்ளிக்காரர். நெற்றியில் விபூதி, சட்டைப் பையில் இரண்டு பேனா, பேச்சில் வார்த்தைக்கு வார்த்தை மரியாதை. அவருடைய உத்தியோகம் என்ன தெரியுமா? செயற்கைக்கோளுக்குள் வைக்கும் மின்னணுப் பொருள்களைத் தேர்ந்தெடுப்பது. பக்கத்து மேசையே இல்லாத இடத்துக்கு என்ன சாப்பாடு சொல்வது என்று தீர்மானிக்கிற வேலையை, பக்கத்து மேசையைப் பார்க்காமல் சாப்பிடத் தெரியாதவரிடம் கொடுத்திருந்தார்கள்.

வேலைக்கு வந்த பிறகு வந்த பழக்கம் என்று நினைக்காதீர்கள். பூபதிராஜா பெண் பார்க்கப் போனபோது பெண்ணைப் பார்க்கவில்லை என்பது எலப்புள்ளியில் இன்றைக்கும் சொல்கிற கதை. ஆனைகட்டியில் அந்த வீட்டில் மூன்று பெண்கள். மூத்தவர்கள் இருவருக்கும் கல்யாணம் ஆகியிருந்தது. பூபதிராஜா நேராக அகளிக்குப் போய் மூத்த மாப்பிள்ளையோடு ஒரு சாயா குடித்தார். பிறகு வாளையாருக்குப் போய் இரண்டாவது மாப்பிள்ளையோடு ஒரு சாயா குடித்தார். "ஊட்டுல சத்தமே வராதுங்க" என்று இருவரும் ஒரே மாதிரி சொன்னார்கள். போதாதா? மூன்றாவது பெண்ணான மருதாத்தாளைக் கண்ணை மூடிக்கொண்டு கட்டிக்கொண்டார். மருதாத்தாளின் குரல் முதல் வாரத்திலேயே பக்கத்துத் தெருவுக்குப் பழக்கமாகிவிட்டது.

"எங்கக்காளுங்களப் பாத்துப்போட்டு என்னையக் கட்டுனீங்க," என்பாள் அவள், சண்டை உச்சத்தில். "நானென்ன அவீங்களோட நகலா?"

"ஊடு ஒரே ஊடுதானுங்களே," என்பார் பூபதிராஜா, இன்றுவரை புரியாமல்.

கம்பெனி சின்னது. முதலாளி ஜோஸ், கடன் வாங்கிக் கனவு காண்கிற ரகம். அவர்கள் செய்துகொண்டிருந்தது இட்லிப் பானை அளவில் ஒரு செயற்கைக்கோள். இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். விண்வெளியில் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் ஓயாமல் பாய்ந்துகொண்டிருக்கின்றன. அவை சிப்பைத் துளைத்துக்கொண்டு போகும். சில, மெதுவாக அரிக்கும். சில, ஒரே அடியில் சிப்புக்குள் ஒரு தாழ்ப்பாளைப் போட்டுவிடும். மின்சாரம் தறிகெட்டு ஓடும். மின்சாரத்தை நிறுத்தி மறுபடி கொடுத்தால்தான் தாழ் விடும், நிறுத்தாவிட்டால் சிப் வெந்து போகும். இதையெல்லாம் தாங்கவென்றே செய்கிற சிப்புகள் உண்டு. விலையைச் சொன்னால் ஜோஸ் நாற்காலியைத் தேடுவார். ஆகவே சின்னக் கம்பெனிகள் சாதாரணச் சிப்புகளை வாங்கி, சோதனைக்கூடத்தில் துகள்களை வைத்து அடித்துப் பார்த்து, தாங்குவதை எடுத்துக்கொள்ளும். ஒரு தொகுதி தாங்கினால் அடுத்த தொகுதியும் தாங்கும் என்று சத்தியம் செய்ய முடியாது. அதனால் வாங்கும் தொகுதியை வாங்கும்போதெல்லாம் அடித்துப் பார்க்க வேண்டும்.

பூபதிராஜாவுக்கு இந்த அடிதடியில் நம்பிக்கை இல்லை. அவரிடம் ஒரே கேள்விதான் இருந்தது: "ஏற்கெனவே பறந்திருக்குதுங்களா?" சிப்பைக் காட்டினால் அதைக் கேட்பார். திருகாணியைக் காட்டினால் அதைக் கேட்பார். பெட்டியை மூட வாங்கிய பசையைக் கையில் வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு அதையே கேட்டார். பறந்தது என்று சொல்லிவிட்டால் முகம் மலர்ந்து கையெழுத்துப் போடுவார். எங்கே பறந்தது, எவ்வளவு நாள் பறந்தது, பறந்த பிறகு என்ன ஆனது என்று அடுத்த கேள்வி வராது. அவரை முட்டாள் என்று நினைத்துவிடாதீர்கள். அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. பறந்த சிப் செத்தால் அது விதி. பறக்காத சிப் செத்தால் அது பூபதிராஜா.

இந்தக் கணக்குக்குள் குறுக்கே வந்தவள் ராமலட்சுமி. இடுக்கி மலையில் ஒரு தேயிலை எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்தவள். தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து மலையேறிய குடும்பம். கோட்டயத்தில் பொறியியல் படித்துவிட்டு, இந்தச் செயற்கைக்கோளுக்காகவே இங்கே வேலைக்கு வந்திருந்தாள். அது என்ன செய்யப் போகிறது என்பதுதான் காரணம். மலை முகட்டில் மழைமானிகள் நிற்கும். அங்கே போன் எடுக்காது. தலைக்கு மேலே போகும் செயற்கைக்கோள் அந்த மானிகள் சொல்வதை வாங்கி ஞாபகம் வைத்துக்கொண்டு, கஞ்சிக்கோட்டுக்கு மேல் வரும்போது கொட்டும். மழை அளவு மீறியிருந்தால் கீழே லயத்தில் இருக்கிறவர்களின் போனுக்கு, 'இறங்கிப் போங்கள்' என்று செய்தி போகும். முகட்டுக்குக் கீழே சரிவு, சரிவுக்குக் கீழே லயம், லயத்தின் கடைசி வீட்டில் அவள் அம்மா அழகுத்தாய். மண் இறங்கினால் முதலில் அங்கேதான் இறங்கும்.

அந்த ஞாபகம் வைத்துக்கொள்கிற சிப்பைத் தேர்ந்தெடுக்கத்தான் அன்றைக்குக் கூட்டம் போட்டார்கள். பூபதிராஜா, வேறொரு கம்பெனியின் செயற்கைக்கோளில் பறந்த ஒரு சிப்பைச் சொன்னார்.

"இது பறந்ததுங்க. மூணு வருஷம் மக்கர் பண்ணாம ஓடியிருக்குது. இதுக்கு எதுக்குங் அம்முணி டெஸ்டு?"

"பறந்தது பழைய லாட் சார். இப்ப நாம வாங்குதது புதுசு," என்றாள் ராமலட்சுமி. "வெளிய பேரு ஒண்ணாத்தான் இருக்கும். உள்ள சிறுசாக்கியிருப்பாக, பேக்டரிய மாத்தியிருப்பாக. பேர மட்டும் மாத்த மாட்டாக. ஒரு தடவ அடிச்சுப் பாத்துருவோம் சார்."

"நீங்க சொல்ற அந்த இன்னொரு சிப்பு?"

"அத அடிச்சுப் பாத்தாச்சு சார். நல்லாத் தாங்குது. நம்ம வாங்கப்போற அதே லாட்தான்."

"பறந்திருக்குதுங்களா?"

"இல்ல சார்."

"அப்பறம் என்னுங்க பேச்சு."

ஜோஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கட்சி சேராத மனிதர். தப்பு நடந்தால் கை காட்ட யாராவது இருக்க வேண்டும் என்று நினைப்பவர். "சப்ளையரிடம் கேட்டுவிடுங்கள்" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போனார்.

பூபதிராஜா அறைக் கதவைச் சாத்திக்கொண்டு எறணாகுளத்துக்குப் போன் போட்டார். எடுத்தவள் ஜிஸ்மி, சப்ளையர் ஆபீசில் விற்பனை பார்க்கிறவள். எல்லைப்புறத்துக்காரர்கள் எல்லோரையும் போலப் பூபதிராஜாவுக்கும் மலையாளம் சரளம். "ஜிஸ்மி, பழைய சாதனம் தன்னெயல்லே, அதோ உள்ளு மாறியோ?" என்று கேட்டார். பழைய பொருள்தானே, இல்லை உள்ளே மாறிவிட்டதா என்று அர்த்தம்.

"அதே சார், பக்ஷே..." என்றாள் ஜிஸ்மி.

"தேங்க்ஸ்," என்று பூபதிராஜா போனை வைத்துவிட்டார்.

வாளையாருக்குக் கிழக்கே 'அதே' என்றால் மாறாதது. வாளையாருக்கு மேற்கே யாரிடமாவது ஒரு கேள்வி கேட்டு அவர் 'அதே' என்றால், 'ஆமாம்' என்று அர்த்தம். உள்ளே மாறியதா என்று இவர் கேட்டார்; ஆமாம் என்று அவள் சொன்னாள். இந்த வித்தியாசம் பூபதிராஜாவுக்குத் தெரியாதா? பால் வாங்கும்போதும், பஞ்சாயத்து ஆபீசிலும், பஸ்ஸிலும் நாளெல்லாம் 'அதே, அதே' என்று ஆமாம் போடுகிறவர்தான் அவர். அன்றைக்கு மட்டும் அவருடைய காது எழுந்து வாளையாரைத் தாண்டி, கோயமுத்தூர்ப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது. அந்தப் 'பக்ஷே' ஓர் 'ஆனால்', அதற்குப் பின்னால் இன்னும் ஏதோ நின்றுகொண்டிருந்தது என்பதையும் அவர் கேட்கத்தான் செய்தார். கேட்டும் போனை வைத்தார்.

"அதேதானாமுங்க," என்று கூட்டத்தில் வந்து சொன்னார். சோதனை ரத்தாயிற்று.

ராமலட்சுமி வாதாடிப் பார்த்தாள், பலிக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் ஒரு காரியம் செய்தாள். சிப்புக்குப் போகும் மின்சாரம் அளவு மீறினால் சட்டென்று நிறுத்தி, மறுபடி கொடுக்கிற ஒரு சின்னச் சுற்றை அவளே வடிவமைத்து, வெளியூர்ச் சோதனைக்கூடத்துக்குக் கொண்டுபோய் அடித்துப் பார்த்துக்கொண்டு வந்தாள். பூபதிராஜா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது பறந்திருக்குதுங்களா?"

"பறந்துருக்கு சார்."

"எங்கிருந்துங்க?"

"கொச்சியிலருந்து சார்."

கொச்சிக்காரர்கள் யாரோ செயற்கைக்கோள் விட்டிருக்கிறார்கள் போல என்று பூபதிராஜா முகம் மலர்ந்து கையெழுத்துப் போட்டார். உண்மையில் அது கொச்சியிலிருந்து பெங்களூர்ச் சோதனைக்கூடத்துக்கு, விமானத்தில் ஜன்னல் ஓரத்து இருக்கையில், ராமலட்சுமியின் மடியில் உட்கார்ந்து பறந்தது. அவள் பொய் சொன்னாள் என்று யாரும் சொல்ல முடியாது. கேட்கிறவருக்கு என்ன கேட்க வேண்டுமோ அது கேட்டது.

செயற்கைக்கோள் மேலே போனது. கஞ்சிக்கோட்டில் லட்டு கொடுத்தார்கள். கொஞ்ச நாள் எல்லாம் நன்றாக நடந்தது. பிறகு அதற்கு மறதி வந்தது. தென் அமெரிக்காவை ஒட்டிய கடலுக்கு மேலே அந்தத் துகள்கள் அடர்த்தியாகப் பாயும். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் புதுச் சிப்புக்குள் தாழ் விழுந்தது. ராமலட்சுமியின் சுற்று மின்சாரத்தை நிறுத்திக் கொடுத்தது. சிப் பிழைத்துக்கொண்டது, ஆனால் வாங்கி வைத்திருந்த மழைக் கணக்கு முழுவதையும் தொலைத்துவிட்டு, தூங்கி எழுந்த மாப்பிள்ளை மாதிரி விழித்தது. அந்தச் சின்னச் சுற்று மட்டும் இல்லாதிருந்தால் முதல் வாரத்திலேயே கதை முடிந்திருக்கும். இது ஆபீசில் எல்லோருக்கும் தெரியும். யாரும் முதலில் வாயைத் திறக்கவில்லை.

பூபதிராஜா மறுபடி கதவைச் சாத்திக்கொண்டு ஜிஸ்மிக்குப் போன் போட்டார்.

"சார் அன்னு சோதிச்சது உள்ளு மாறியோ என்னல்லே?" என்றாள் அவள், கொஞ்சம் வருத்தத்தோடு. "அதே என்னு ஞான் பறஞ்ஞு. பாக்கி பறயும் முன்பே சார் போன் வெச்சல்லோ."

மாறியதா என்று கேட்டீர்கள், ஆமாம் என்றேன், மிச்சத்தைச் சொல்வதற்குள் வைத்துவிட்டீர்கள். இதைக் கேட்டபோது பூபதிராஜாவின் காது மடல் சுட்டது. வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. மலையில் ஒரு லயம் முழுக்க அந்தச் செய்தியை நம்பி உட்கார்ந்திருக்கிறது, மழைக்காலம் வரப்போகிறது, செயற்கைக்கோளை நம்பாதீர்கள் என்று அவர்களிடம் சொல்லியாக வேண்டும். இதை அவர் மனதாரவே நினைத்தார்.

நினைத்துவிட்டு என்ன செய்தார்? இந்த மாதிரித் தப்பைத் தானாக முன்வந்து ஒத்துக்கொண்ட கம்பெனி ஏதாவது உண்டா என்று தேடினார்.

"தெரிஞ்சா சொல்லிப்போடுங்க. இதுல என்ன ரோசனை?" என்றாள் மருதாத்தாள்.

"இதுக்கு முன்னால யாரும் சொன்ன மாதிரித் தெரியலையே."

"சோத்துல உப்பில்லீன்னு சொல்றதுக்கு மட்டும் யாரக் கேட்டுட்டுச் சொல்றீங்க?"

இந்த மழை ஒன்று முடியட்டும் என்று பூபதிராஜா முடிவு செய்தார். ராமலட்சுமி சும்மா இருக்கவில்லை. ஜோஸிடம் சொன்னாள்; ஆராய்ந்துகொண்டிருக்கிறோம் என்றார். ஊருக்குப் போன் பண்ணி அம்மாவிடமும் லயத்தின் யூனியன் தலைவர் சுவக்கீனிடமும் சொன்னாள். "பெரிய சார் ஒண்ணும் சொல்லலியே தாயி, நீ சின்னப்புள்ள," என்றார் சுவக்கீன். வருகிற செய்தி வரும் என்று லயம் காத்திருந்தது.

கர்க்கடகத்தில், அதாவது நம் ஆடியில், மழை பிடித்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் செயற்கைக்கோள் கஞ்சிக்கோட்டுக்கு மேலே வந்தபோது அதன் ஞாபகத்தில் ஒன்றுமே இல்லை. செய்தி போகவில்லை. மறுநாள் காலையில் பூபதிராஜாவின் போனுக்குத்தான் செய்தி வந்தது: மலை இறங்கிவிட்டது, லயம் மண்ணுக்குள் போய்விட்டது. யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று அதில் இல்லை. ராமலட்சுமியின் போனை எடுக்க அங்கே ஆள் இல்லை. இருவரும் ஜீப்பில் மலையேறினார்கள். பூபதிராஜா பக்கத்தில் உட்கார்ந்து, தெரிந்த சாமிகளை எல்லாம் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். பலித்த சாமி, பலிக்காத சாமி என்று அன்றைக்கு அவர் பார்க்கவில்லை.

சர்ச்சுக்குப் பக்கத்தில் இருந்த பள்ளிக்கூடத்தில் லயம் முழுவதும் உட்கார்ந்து பால் விடாத கட்டஞ்சாயா குடித்துக்கொண்டிருந்தது. ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. அழகுத்தாய் மூலையில் ஒரு மெத்தைமேல் உட்கார்ந்திருந்தாள். ராமலட்சுமி ஓடிப்போய் அவள் மடியில் விழுந்து அழுதாள். பூபதிராஜா சிறுபிள்ளைகளின் பெஞ்சு ஒன்றில் உட்கார்ந்தார். பெரியதொரு பாரம் நெஞ்சை விட்டு இறங்கியது. கொஞ்ச நேரம் கழித்து அவரால் அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"மொதல்ல யாருங்க எறங்குனது?"

"நாந்தான்," என்றாள் அழகுத்தாய்.

"எப்புடீங்க தெரிஞ்சுது, மண்ணு வரும்னு?"

"எனக்கென்ன சார் தெரியும்? கூரத் தகரம் ஒழுகி மெத்த நனைஞ்சு போச்சு. எஸ்டேட் ஆபீஸ்ல தகரத்துக்குச் சொல்லிச் சொல்லி வாயி வலிச்சுப்போச்சு. ஆத்தாமையில, போங்கலே நீங்களும் ஒங்க வீடும்னு மெத்தையச் சுருட்டித் தலையில வச்சிக்கிட்டுப் பள்ளிக்கூடத்துல போயிப் படுப்பம்னு கெளம்புனேன். திரும்பிப் பாத்தா மொத்த லயமும் பின்னாலேயே வருது. எதுக்கு வாரீகன்னா ஒருத்தரும் சொல்லல."

சுவக்கீன் தொண்டையைக் கனைத்தார். "எல்லாரும் போனக் கையில வச்சிக்கிட்டு வாசல்லதான் நின்னோம் சார். போவமா வேண்டாமான்னு. நான் அடுத்த வீட்டப் பாக்கேன், அவுக என்னையப் பாக்காக. அப்பத்தான் இந்தக்கா மெத்தையோட போச்சு. மக செயற்கைக்கோள் கம்பெனியில இருக்கா, அக்காவுக்குத் தனியா மெசேஜ் வந்துருக்கும்னு நெனச்சுட்டோம்."

பூபதிராஜாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அவருக்குள் என்ன ஓடியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். முன்னால் ஒருவர் போனார், பின்னால் எல்லோரும் போனார்கள், எல்லோரும் பிழைத்தார்கள். தன் ஆயுள் கால நம்பிக்கைக்கு மலையே வந்து சாட்சி சொன்னது போல அவருக்கு இருந்தது. அதைச் சொல்ல வாயையும் திறந்துவிட்டார். ஜன்னல் வழியே எதிர்ச் சரிவு தெரிந்தது. வீடுகள் இருந்த இடத்தில் வெறும் செம்மண். அதில் ஓர் அடுப்புக் கல்கூட மேலே தெரியவில்லை. அந்த மெத்தை நனையாமல் இருந்திருந்தால்? அந்தத் தகரத்தை எஸ்டேட்டில் ஒழுங்காக மாற்றிக் கொடுத்திருந்தால்? திறந்த வாய் திறந்தபடி நின்றது.

யாராவது பேசுவார்களா என்று சுற்றிலும் பார்த்தார். ராமலட்சுமி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்கு முன்னால் பேச அங்கே யாரும் இல்லை.

"மெசேஜ் வராதுங்க," என்றார் பூபதிராஜா. "இனிமேலும் வராது. நம்பீறாதீங்க. அந்தச் சிப்ப எடுத்தது நானு. சோதிச்சுப் பாக்கலாம்னு இந்த அம்முணி சொல்லுச்சு. நாந்தான் வேண்டாமுன்னேன். எனக்கு ரெண்டு மாசமாத் தெரியும். சொல்லாம இருந்துபோட்டேன்."

யாரும் அவரை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. அழகுத்தாய் மட்டும் கேட்டாள்: "ரெண்டு மாசமாவா சார்?" அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மனிதர் அதோடு திருந்திவிட்டார் என்று எழுத ஆசைதான். அடுத்த செயற்கைக்கோளுக்கு வாங்குகிற ஒவ்வொரு தொகுதியையும் அடித்துப் பார்க்க வேண்டும் என்று அவரே கூட்டத்தில் சொன்னார். எல்லோரும் ஆச்சரியமாகப் பார்த்தார்கள். கூட்டம் முடிந்ததும் ராமலட்சுமியைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்த சோதனைக்கூடத்துல இதுக்கு முன்னால யாராச்சும் சோதிச்சிருக்காங்களா?" என்று கேட்டார். "நான் சோதிச்சிருக்கேன் சார்" என்று அவள் சொன்ன பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. மலையிலிருந்து திரும்பும் வழியில் ஜீப்பை நிறுத்திய ஓட்டலில்கூட, அடுத்த மேசையில் ஒருவர் கப்பைக் கிழங்கும் மீன்கறியும் சாப்பிட்டு முடிக்கும்வரை அவர் சாப்பாடு சொல்லவில்லை என்று டிரைவர் சொல்கிறார்.

ஆனால் ஒன்று. அந்தச் சிப்பின் கதையை, நடந்தது நடந்தபடி, 'அதே' என்ற வார்த்தை உட்பட, அவர் மற்றக் கம்பெனிகளுக்கு எழுதி அனுப்பினார். ஒரு வாரத்தில் ஹைதராபாத்திலிருந்து ஒருவர் போன் செய்தார். குரலைக் கேட்டதுமே பூபதிராஜாவுக்குத் தன் சொந்தக்காரர் ஒருவரோடு பேசுவது போல இருந்தது.

"அந்தச் சிப் பறந்திருக்கிறதா சார்?"

"பறந்திருக்குதுங்க, ஆனா..."

"தேங்க்ஸ்," என்று அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள். பூபதிராஜா திரும்பத் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தார், எடுக்கவில்லை. அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

நீங்கள் இப்போது சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள். சிரியுங்கள், தப்பில்லை. ஒரு கேள்வி மட்டும். மழை கொட்டுகிறது, மேலே மலை, கையில் போன், போனில் ஒன்றும் வரவில்லை. உங்கள் கதவு பாதி திறந்திருக்கிறது, அடுத்த வீட்டுக் கதவும் பாதி திறந்திருக்கிறது. எல்லா ஊரிலும் சரியான நேரத்தில் ஒரு மெத்தை நனையும் என்று சொல்ல முடியாது. அந்த லயத்தில் நீங்கள் எத்தனையாவதாக இறங்கியிருப்பீர்கள்?

பதிலுக்கு அவசரமில்லை. மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்துவிட்டே சொல்லுங்கள்.